மனநோய் பற்றிய நாவலை இலக்கிய ஏஜென்டுகளுக்கு அனுப்புவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலத்தில் நாவல் எழுதும் தமிழர்கள் சென்னையிலும் இருக்கிறார்கள், லண்டனிலும் டொராண்டோவிலும் இருக்கிறார்கள். அவர்களில் பலருடைய முதல் நாவலில், வீட்டுக்குள் பல வருடம் மறைத்து வைக்கப்பட்ட ஒரு மனநோய் இருக்கிறது. அம்மாவுக்கு, அண்ணனுக்கு, சில சமயம் எழுதுகிறவருக்கே. நாவலை எப்படியோ முடித்துவிடுகிறார்கள். அதை ஏஜென்டுக்கு அறிமுகப்படுத்தும் ஒரு பக்கக் கடிதத்தில்தான் திணறுகிறார்கள். அந்தக் கடிதங்களைப் படித்துத் திருத்தித் தரும்போது என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். பெரும்பாலும் அமெரிக்க, பிரிட்டிஷ் பதிப்புலக நடைமுறையைத்தான் சொல்கிறேன். இந்தியா பற்றிக் கடைசியில் கொஞ்சம் இருக்கிறது.

ஏஜென்ட் இல்லாமல் நேராகப் பதிப்பகத்துக்கே அனுப்பக் கூடாதா?

சிறிய பதிப்பகங்களுக்கு அனுப்பலாம். நியூயார்க், லண்டனின் பெரிய பதிப்பகங்களில் பெரும்பாலானவை ஏஜென்ட் மூலம் வராத நாவலைப் படிப்பதில்லை. ஏஜென்ட் உங்கள் கைப்பிரதியைப் படித்து, திருத்தம் சொல்லி, எந்த எடிட்டருக்கு இது பிடிக்கும் என்று பார்த்து அனுப்புவார். ஒப்பந்தம் பேசுவார். மொழிபெயர்ப்பு, திரைப்பட உரிமைகளைப் பதிப்பகம் சும்மா எடுத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வார். இதற்கு உள்நாட்டு விற்பனையில் வழக்கமாக 15 சதவீதம், வெளிநாட்டு உரிமைகளில் 20 சதவீதம் எடுத்துக்கொள்வார். புத்தகம் விற்கவில்லை என்றால் அவருக்கும் ஒன்றும் கிடையாது. படித்துப் பார்க்கக் கட்டணம், பதிவுக் கட்டணம் என்று முன்பணம் கேட்பவரிடம் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

பாதி எழுதியிருக்கிறேன். அனுப்பலாமா?

வேண்டாம். கட்டுரை நூல்களை ஒரு திட்ட வரைவையும் மாதிரி அத்தியாயங்களையும் வைத்து விற்க முடியும். நாவலை, அதுவும் முதல் நாவலை, முழுதாக முடித்துத் திருத்திய பிறகே அனுப்ப வேண்டும். பெரியவர்களுக்கான நாவல் என்றால் 80,000 முதல் 1,00,000 ஆங்கிலச் சொற்கள் வரை பாதுகாப்பான அளவு. பதின்பருவ வாசகர்களுக்கு என்றால் இதைவிடச் சின்னதாக இருக்கலாம்.

மனநோய் நாவல்கள் இந்த அளவைத் தாண்டி வீங்குவதற்கு ஒரு காரணம் உண்டு. நோய் திரும்பத் திரும்ப வரும். ஆஸ்பத்திரி, வீடு, கொஞ்ச நாள் நிம்மதி, மறுபடி ஆஸ்பத்திரி. வாழ்க்கையில் அப்படித்தான் நடக்கிறது, அதை அப்படியே எழுதினால்தான் உண்மை என்று எழுதுகிறவருக்குத் தோன்றுகிறது. ஆனால் மூன்றாவது முறை அட்மிட் ஆகும் காட்சியில் முதல் இரண்டில் இல்லாத ஒன்று நடக்க வேண்டும். முதல் தடவை பயந்து அழுத மகள் மூன்றாவது தடவை பையை எடுத்துவைத்துக்கொண்டே ஆபீசுக்கு லீவ் சொல்கிறாள் என்றால், அந்தக் காட்சிக்கு வேலை இருக்கிறது. எதுவும் மாறவில்லை என்றால் ஒரு வரியில் கடந்துவிடுங்கள்.

கடிதத்தில் என்னென்ன இருக்க வேண்டும்?

க்வெரி லெட்டர் என்று சொல்லப்படும் இந்தக் கடிதம் 300 சொற்களுக்குப் பக்கத்தில் இருந்தால் போதும். இந்த ஏஜென்டை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று ஒரு வரி. நாவலின் பெயர், வகை, சொற்களின் எண்ணிக்கை. கதையைச் சொல்லும் இரண்டு பத்திகள். உங்கள் நாவலோடு ஒரே அலமாரியில் வைக்கத்தக்க இரண்டு சமீபத்திய புத்தகங்கள். உங்களைப் பற்றி இரண்டு மூன்று வரி. அவ்வளவுதான்.

கூடவே அனுப்ப வேண்டியது நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனில் பொதுவாக முதல் மூன்று அத்தியாயங்களும் ஒரு பக்கக் கதைச் சுருக்கமும் கேட்பார்கள். அமெரிக்காவில் பலர் கடிதத்தோடு முதல் ஐந்து அல்லது பத்துப் பக்கங்கள் மட்டும் கேட்பார்கள். ஒவ்வொரு ஏஜென்சியும் தன் இணையதளத்தில் என்ன கேட்கிறது என்று படித்து அதை அப்படியே செய்யுங்கள்.

கதையைச் சொல்லும் அந்த இரண்டு பத்திதான் வரவில்லை. எப்படி எழுதுவது?

எல்லோரும் இடறும் இடம் இதுதான். நோயை விளக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். ஒரு கற்பனை நாவலை வைத்துக் காட்டுகிறேன். கடிதம் ஆங்கிலத்தில் போகும் என்றாலும் இங்கே தமிழிலேயே எழுதுகிறேன்.

முதலில், எனக்கு அதிகம் வரும் வகைக் கடிதம் (பைபோலார் என்பது மிதமிஞ்சிய உற்சாகமும் ஆழ்ந்த சோர்வும் மாறி மாறி வரும் மனநோய்):

"ராஜம் ஒரு பைபோலார் நோயாளி. மனநோய் ஒரு குடும்பத்தை எப்படிச் சிதைக்கிறது என்பதைச் சிறுவயதிலிருந்தே பார்த்து வளர்ந்தவள் மகள் செல்வி. மனநோயைப் பற்றிப் பேசவே கூசும் சமூகத்தில் ஒரு தாயும் மகளும் நடத்தும் போராட்டமே இந்த நாவல். அன்பு, இழப்பு, மீட்சி ஆகியவற்றைப் பேசும் இந்தக் கதை மனநலம் குறித்த விழிப்புணர்வை ஏற்படுத்தும்."

இதில் பொய்யில்லை. ஆனால் கதையும் இல்லை. ராஜத்தின் இடத்தில் வேறு யாரை வைத்தாலும் இந்தப் பத்தி பொருந்தும். அதே நாவலை இப்படிச் சொல்லிப் பார்க்கலாம்:

"தூக்கமில்லாமல் ஒன்பது இரவுகள் கழித்த ராஜம், தூத்துக்குடியில் இருக்கும் பரம்பரை உப்பளத்தைக் கால்விலைக்கு விற்றுக் கையெழுத்துப் போட்டுவிடுகிறாள். டொராண்டோவிலிருந்து ஓடிவரும் மகள் செல்வியிடம் வக்கீல் சொல்லும் வழி ஒன்றுதான்: கையெழுத்துப் போட்ட அன்று அம்மாவுக்குப் புத்தி தெளிவாக இல்லை என்று கோர்ட்டில் நிரூபிக்க வேண்டும். முப்பது வருடம் ஊருக்குத் தெரியாமல் காத்த விஷயத்தைச் செல்வி சாட்சிக் கூண்டில் ஏறிச் சொன்னால் உப்பளம் மிஞ்சும். ஆனால் மருந்து பிடித்துத் தெளிந்துவிட்ட ராஜம் சொல்கிறாள், 'நான் தெரிந்துதான் விற்றேன்.'"

இப்போது ஏஜென்டுக்குக் கேள்வி வந்துவிடுகிறது. ராஜம் சொல்வது உண்மையா? செல்வி கூண்டில் ஏறுவாளா? அம்மாவைக் காப்பாற்றுவது என்றால் இங்கே என்ன அர்த்தம்? சமூகத்தின் கூச்சம், மௌனம், அன்பு என்று முதல் பத்தி பட்டியல் போட்டதெல்லாம் இரண்டாவதிலும் இருக்கிறது, பெயர் சொல்லப்படாமல். ராஜத்துக்கும் இங்கே ஒரு விருப்பம் இருக்கிறது, அவளுக்கு ஒரு வசனம் இருக்கிறது. நோயாளிப் பாத்திரம் மற்றவர்களுக்கு வரும் துன்பமாக மட்டுமே கடிதத்தில் வந்தால், நாவலிலும் அவர் அப்படித்தான் இருப்பார் என்று படிப்பவர் நினைத்துக்கொள்வார்.

'விழிப்புணர்வை ஏற்படுத்தும்' என்ற வரியை எந்தக் கடிதத்தில் பார்த்தாலும் எடுத்துவிடச் சொல்கிறேன். நல்ல எண்ணத்தில்தான் எழுதுகிறார்கள். ஆனால் அது துண்டுப் பிரசுரத்தின் வேலை. நாவல் வாங்குகிறவர் ராஜத்துக்கு என்ன ஆனது என்று தெரிந்துகொள்ளத்தான் வாங்குகிறார்.

நோயின் பெயரைக் கடிதத்தில் சொல்லியே ஆக வேண்டுமா?

கதைக்குத் தேவை என்றால் ஒரே ஒரு முறை, சரியான பெயரோடு சொல்லுங்கள். மேலே சொன்ன உதாரணத்தில் வழக்கே நோயைச் சுற்றித்தான் நடக்கிறது, அதனால் அடுத்த பத்தியில் 'பைபோலார்' என்று ஒரு தடவை வரலாம். கதையில் யாருக்கும் பெயர் தெரியாத காலம் என்றால், கடிதத்திலும் பெயர் இல்லாமல் அறிகுறியைக் காட்டினால் போதும்.

பெயரே சொல்லாமல் ஒரு முழு நாவல் நிற்கும் என்பதற்கு மெக் மேசனின் 'சாரோ அண்ட் ப்ளிஸ்' சாட்சி. கதாநாயகியின் நோய் வரும் இடத்தில் எல்லாம் இரண்டு கோடுகள்தான் அச்சாகியிருக்கும். அது 2022-இல் பிரிட்டனின் பெண்கள் புனைகதைப் பரிசுக் குறும்பட்டியல் வரை போனது. அந்த உத்தியை நீங்களும் எடுக்கச் சொல்லவில்லை. நோயின் பெயரைவிட அந்தப் பெண்ணின் குரல்தான் வாசகரைப் பிடித்து வைக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

எனக்கே அந்த நோய் இருக்கிறது. அதைக் கடிதத்தில் சொல்ல வேண்டுமா?

சொல்ல வேண்டிய கடமை எதுவும் உங்களுக்கு இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

'ஓன் வாய்சஸ்' என்ற அடையாளச் சொல்லை 2015-இல் கோரின் டைவிஸ் என்ற எழுத்தாளர் சிறார், பதின்பருவ இலக்கியத்தை மனதில் வைத்து முன்வைத்தார். பாத்திரத்துக்கும் ஆசிரியருக்கும் ஒரே விதமான அனுபவம் இருக்கும் புத்தகங்களை வாசகர்கள் அடையாளம் காணட்டும் என்பதுதான் நோக்கம். நல்ல நோக்கம். ஆனால் அது பரவிய பிறகு பதிப்புலகம் அதை விளம்பர முத்திரையாகப் பிடித்துக்கொண்டது. தங்கள் நோயையோ பாலின அடையாளத்தையோ வெளியில் சொல்ல விரும்பாத எழுத்தாளர்களும் சொல்லியே தீர வேண்டிய நெருக்கடி வந்தது. சிறார் இலக்கியத்தில் பலதரப்பட்டவர்களின் கதைகள் வர வேண்டும் என்று இயங்கும் 'வீ நீட் டைவர்ஸ் புக்ஸ்' என்ற அமெரிக்க அமைப்பு 2021-இல் இந்தச் சொல்லைக் கைவிட்டதற்கு இப்படிப்பட்ட சங்கடங்களும் காரணம்.

இருந்தும் சில எழுத்தாளர்கள் இன்னும் கடிதத்தின் கடைசிப் பத்தியை மருத்துவ அறிக்கை மாதிரி எழுதுகிறார்கள். எந்த வயதில் நோய் வந்தது, எத்தனை முறை அட்மிட் ஆனார், எந்த மாத்திரை. படிக்கும்போது எனக்கு வலிக்கிறது. அவர் யார் என்றே தெரியாத ஒருவரின் இன்பாக்ஸில், பதில்கூட வராமல் போகக்கூடிய ஒரு மெயிலில், தன் வாழ்க்கையின் மிக மோசமான நாட்களை அடகு வைக்கிறார். அப்படி வைத்தாலும் நாவல் பலமாகிவிடாது. பக்கங்கள் நன்றாக இருந்தால் ஏஜென்ட் மேலே படிப்பார், இல்லை என்றால் எந்த அனுபவமும் அவரைப் படிக்க வைக்காது.

சொல்ல விரும்பினால் தாராளமாகச் சொல்லுங்கள். மறைக்க வேண்டிய குற்றம் அதில் எதுவும் இல்லை. 'இந்த நோயோடு வாழும் அனுபவத்திலிருந்து எழுதியிருக்கிறேன்' என்று ஒரு வரி போதும். ஆனால் சொல்வதற்கு முன் ஒன்றை யோசியுங்கள். ஏஜென்டிடம் சொன்னது எடிட்டருக்குப் போகலாம், அங்கிருந்து விளம்பரப் பிரிவுக்கு, பின்னட்டைக்கு, பேட்டிக்கு. உங்கள் ஆபீசில் இருப்பவரும், கல்யாணப் பேச்சில் இருக்கும் தங்கையின் வருங்கால மாமியாரும் படிக்கக்கூடிய இடத்துக்கு அது போய்ச் சேரலாம். அதற்குத் தயார் என்றால் சொல்லுங்கள். இல்லை என்றால் 'இந்தப் பொருளோடு எனக்கு நெருக்கமான பரிச்சயம் உண்டு' என்று நிறுத்திக்கொள்ளலாம்.

தொழில் வழியான தொடர்பு இருந்தால் கட்டாயம் குறிப்பிடுங்கள். 'த ஷாக் ஆஃப் த ஃபால்' நாவலுக்கு 2013-ஆம் ஆண்டின் கோஸ்டா விருது பெற்ற நேதன் ஃபைலர் மனநலப் பிரிவில் நர்ஸாக வேலை பார்த்தவர். நர்ஸ், மருந்தாளுநர், கவுன்சலர், சமூகப் பணியாளர் என்று எதுவாக இருந்தாலும் ஒரு வரிக்கு அது தகுதியானது.

இது என் அம்மாவின் கதை. 'உண்மைச் சம்பவம்' என்று போடலாமா?

நாவல் என்று அனுப்பினால் நாவல் என்றே சொல்லுங்கள். 'அத்தனையும் உண்மையில் நடந்தது' என்று எழுதினால், அப்படியானால் இதை ஏன் தன்வரலாறாக எழுதவில்லை என்ற கேள்விதான் ஏஜென்டுக்கு முதலில் வரும்.

அதற்கு அப்புறம் அம்மா இருக்கிறார். பதிப்பக ஒப்பந்தங்களில், இந்தப் புத்தகம் யாரையும் அவதூறு செய்யவில்லை, யாருடைய அந்தரங்கத்திலும் தலையிடவில்லை என்று எழுத்தாளர் உறுதி கொடுக்கும் ஷரத்து வழக்கமாக இருக்கும். அடையாளம் தெரியும்படி ஒருவரின் நோயை எழுதியிருந்தால் அது சட்டச் சிக்கலாகலாம். தெரு, தொழில், உறவுமுறை, நோய் வந்த வருடம் என்று மாற்றக் கூடியதை எல்லாம் மாற்றுங்கள். மாற்ற ஆரம்பித்த பிறகுதான் பல கைப்பிரதிகள் கற்பனையாக மூச்சுவிடுகின்றன. சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும், அம்மா உயிரோடு இருந்து, படிக்கும் நிலையில் இருந்தால், ஏஜென்டுக்கு அனுப்பும் முன்பே அவரிடம் பேசிவிடுவது நல்லது. அவர் வேண்டாம் என்றால் என்ன செய்வது என்பதை நான் முடிவு செய்ய முடியாது. ஆனால் ஒப்பந்தம் கைக்கு வந்த பிறகு அந்தப் பேச்சை ஆரம்பிப்பது இரண்டு பேருக்குமே கொடுமை.

ஒப்பிட எந்தப் புத்தகங்களைச் சொல்லலாம்?

கடந்த மூன்று நான்கு வருடங்களில் வந்தவை. இந்தத் துறையில் எல்லோர் கையும் முதலில் போவது சில்வியா ப்ளாத்தின் 'த பெல் ஜார்' பக்கம். அது 1963-இல் வந்தது. ஜெர்ரி பின்டோவின் 'எம் அண்ட் த பிக் ஹூம்' இந்தியக் குடும்பத்தில் பைபோலார் நோயோடு வாழும் ஒரு தாயைப் பற்றிய அருமையான நாவல், 2016-இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றது. ஆனால் அதுவும் 2012-இல் வெளியானது. இந்த மாதிரிப் புத்தகங்களைப் படியுங்கள், கற்றுக்கொள்ளுங்கள். இன்றைய வாசகர் யார் என்று ஏஜென்டுக்குச் சொல்ல அவை உதவாது.

இரண்டு புத்தகங்களுமே மனநோய் பற்றியதாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. ராஜத்தின் நாவலுக்கு, சொத்துத் தகராறில் உடையும் ஒரு குடும்பத்தைப் பற்றிய சமீபத்திய நாவல் ஒன்று மிகப் பொருத்தமாக இருக்கும். 'இதைப் போல யாரும் எழுதியதில்லை' என்று மட்டும் எழுதாதீர்கள். சமீபத்தில் வந்த எதையும் நீங்கள் படிக்கவில்லை என்றுதான் அது காட்டும்.

கதைச் சுருக்கத்தில் முடிவைச் சொல்ல வேண்டுமா? என் நாவல் ஒரு தற்கொலையில் முடிகிறது.

ஆம், சினாப்சிஸில் முடிவைச் சொல்ல வேண்டும். என்ன நடக்கிறது, யார் மிஞ்சுகிறார்கள், அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று நேராகச் சொல்லுங்கள். முறையை விவரிக்க வேண்டாம். அது அங்கே எதற்கும் உதவாது.

நாவலுக்குள்ளும் அந்தப் பக்கங்களை ஒருமுறை நிதானமாகப் பார்க்கச் சொல்வேன். உலக சுகாதார நிறுவனம் பத்திரிகையாளர்களுக்கும், 2019-இல் திரை, நாடகத் துறையினருக்கும் வழிகாட்டிகள் வெளியிட்டிருக்கிறது. முறையை விலாவாரியாகக் காட்டாதீர்கள், ஒரே ஒரு காரணத்தில் அடக்காதீர்கள், நெருக்கடியைத் தாண்டி வந்தவர்களையும் காட்டுங்கள் என்பது அவற்றின் சாரம். நாவலுக்கு யாரும் இப்படி விதி போட முடியாதுதான். ஆனால் கடைசி அத்தியாயத்தில் திடீர் அதிர்ச்சிக்காக ஒரு தற்கொலையை வைத்திருக்கிறீர்களா, இல்லை அந்த மனிதரோடு நடந்து அங்கே வந்து சேர்ந்தீர்களா என்பது படிப்பவருக்குத் தெரிந்துவிடும். ஏஜென்டும் அதைத்தான் பார்ப்பார்.

உள்ளடக்க எச்சரிக்கை போட வேண்டுமா?

கடிதத்தின் முடிவில் ஒரு வரி போடுவது மரியாதை: 'தற்கொலை முயற்சியும் சுய காயமும் இதில் இடம்பெறுகின்றன.' ஏஜென்டும் மனிதர்தான், அவர் வீட்டிலும் அந்த மாதம் ஏதாவது நடந்திருக்கலாம்.

மருத்துவ விவரங்கள் எந்த அளவுக்குச் சரியாக இருக்க வேண்டும்?

நோயோடு வாழும் ஒரு வாசகர் புத்தகத்தை மூடி வைக்காத அளவுக்கு. ஸ்கிட்சோஃப்ரீனியாவை 'இரட்டை ஆளுமை' என்று தவறாக எழுதிய பக்கம் ஒன்று போதும், ஏஜென்ட் அடுத்த கைப்பிரதிக்குப் போய்விடுவார். மனச்சோர்வு மாத்திரை போட்ட மறுநாளே பாத்திரம் சிரிக்கக் கூடாது, பலன் தெரியப் பொதுவாகச் சில வாரங்கள் ஆகும். பைபோலாருக்குத் தரப்படும் லித்தியம் மருந்தை எடுப்பவர் அவ்வப்போது ரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டும், ஏனென்றால் பலன் தரும் அளவுக்கும் நச்சாகும் அளவுக்கும் இடைவெளி குறைவு. இந்தப் பரிசோதனைக்குப் போகாமல் விடும் ஒரு காட்சியிலேயே கதை பிறக்கலாம்.

இந்தியாவில் நடக்கும் கதை என்றால் காலத்தையும் பாருங்கள். மயக்க மருந்தும் தசைத் தளர்த்தியும் இல்லாமல் மின் அதிர்ச்சி சிகிச்சை தருவதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்கிறது. சட்டம் 2018-இல் அமலுக்கு வந்தது. 1985-இல் நடக்கும் கதையில் பழைய முறை வரலாம். 2022-இல் வந்தால் அது சட்டமீறல், அப்படித்தான் அதை எழுத வேண்டும். செல்வியின் வழக்குக்கும் ஒரு அடிப்படை உண்டு. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், அவ்வப்போது புத்தி தெளிவில்லாமல் போகும் ஒருவர் தெளிவாக இருக்கும் நேரத்தில் செய்யும் ஒப்பந்தம் செல்லும் என்கிறது. அந்த நேரம் எது என்பதுதான் அவள் கதை. ஒரு மனநல மருத்துவரிடமும், முடிந்தால் அந்த நோயோடு வாழும் ஒருவரிடமும் படிக்கக் கொடுங்கள். அப்படிக் கொடுத்ததைக் கடிதத்தில் அரை வரியில் சொல்லலாம்.

வெளிநாட்டு ஏஜென்டுக்கு நம் ஊர்ச் சூழல் புரியுமா?

விளக்கினால் புரியாது, காட்டினால் புரியும். பக்கத்து வீட்டுக்காரர் கோபத்தில் 'கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்ப வேண்டிய கேஸ்' என்று கத்துகிறார். கேட்டுக்கொண்டிருந்த அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார். கீழ்ப்பாக்கத்தில் 1794-இலிருந்து வரலாறு உள்ள மனநல மருத்துவமனை இருக்கிறது என்று அடிக்குறிப்பு போடாமலேயே நியூயார்க் வாசகருக்கு அந்தக் கதவு புரிந்துவிடும்.

கோவில், தர்கா, மந்திரிப்பது, பேய் ஓட்டுவது இவையெல்லாம் கதையில் இருந்தால் எழுதுங்கள். மனநோய் தீரும் என்று நம்பிக் குணசீலம் கோவிலுக்கு அழைத்துப்போன அதே அப்பாதான் திங்கள்கிழமை டாக்டரிடமும் டோக்கன் வாங்கி உட்கார்ந்திருப்பார். நம் வீடுகளில் இரண்டும் சேர்ந்தே நடக்கிறது. மனநோயாளிகளை அழைத்துவரும் தர்கா இருக்கும் ஏர்வாடியை மட்டும் வேடிக்கைப் பின்னணியாக எடுத்துவிடாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை அங்கே ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அதைத் தொடுவதென்றால் அந்த மனிதர்களுக்காகத் தொட வேண்டும்.

சரியான ஏஜென்டை எப்படிக் கண்டுபிடிப்பது?

உங்களுக்குப் பிடித்த சமீபத்திய நாவல்களின் நன்றியுரைப் பக்கத்தைப் பாருங்கள், பெரும்பாலும் ஏஜென்டின் பெயர் இருக்கும். 'மேனுஸ்கிரிப்ட் விஷ் லிஸ்ட்' தளத்தில் ஏஜென்டுகள் தாங்கள் தேடுவதை எழுதுகிறார்கள். 'க்வெரி டிராக்கர்' தளத்தில் யாருக்கு அனுப்பினோம், எப்போது பதில் வந்தது என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். பிரிட்டனுக்கு 'ரைட்டர்ஸ் அண்ட் ஆர்ட்டிஸ்ட்ஸ் இயர்புக்' இருக்கிறது. மோசடி சந்தேகம் வந்தால் 'ரைட்டர் பிவேர்' தளத்தில் பெயரைத் தேடுங்கள். நீங்கள் அனுப்பாமலேயே உங்கள் நாவலைப் புகழ்ந்து, பிரபல ஏஜென்ட் பெயரில் வரும் மெயில் அநேகமாக மோசடி. ஏஜென்சியின் தளத்தில் இருக்கும் முகவரியோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் பதில் போடாதீர்கள்.

ஒரே நேரத்தில் எத்தனை பேருக்கு அனுப்பலாம்?

ஆறு முதல் பத்துப் பேர் வரை ஒரு தொகுதியாக அனுப்பி, பதில்களைப் பார்த்துக் கடிதத்தைத் திருத்தி, அப்புறம் அடுத்த தொகுதி. எல்லோரும் பலருக்கு அனுப்புவார்கள் என்று ஏஜென்டுகளுக்குத் தெரியும். ஒரே மெயிலில் எல்லோர் முகவரியையும் போடாதீர்கள். பதிலுக்கு இரண்டு மூன்று மாதம்கூட ஆகலாம். பலர் வேண்டாம் என்றால் பதிலே போடுவதில்லை.

நிராகரிப்பு வந்தால் படுத்துவிடுகிறேன். என் வாழ்க்கையையே வேண்டாம் என்று சொன்ன மாதிரி இருக்கிறது.

'பாத்திரத்தோடு என்னால் ஒன்ற முடியவில்லை' என்பது ஏஜென்டுகள் பலருக்கும் அனுப்பும் வழக்கமான வரி. ஆனால் அந்தப் பாத்திரம் நீங்களாகவே இருக்கும்போது அது வழக்கமான வரியாகக் காதில் விழாது, எனக்குத் தெரியும். அதனால் சில ஏற்பாடுகளை முதலிலேயே செய்துகொள்ளுங்கள். இதற்கென்று தனி மெயில் முகவரி, போனில் அதற்கு அறிவிப்பு கிடையாது. வாரத்தில் ஒரு நாள், பகலில், கூட ஆள் இருக்கும்போது மட்டும் திறப்பது. நம்பிக்கையான தோழி ஒருவர் முதலில் படித்து 'வேண்டாம், அடுத்தது' என்று மட்டும் சொல்லும் ஏற்பாடும் பலருக்கு உதவுகிறது.

உடல்நிலை சரியாக இல்லாத மாதத்தில் அனுப்ப வேண்டாம். நாவல் காத்திருக்கும். தூக்கமே வராமல், கை நிற்காமல், ஒரே ராத்திரியில் எழுபது பேருக்கு அனுப்பிவிடலாம் என்று தோன்றுகிறது என்றால், லேப்டாப்பை மூடிவிட்டு முதலில் உங்கள் டாக்டரைக் கூப்பிடுங்கள். இந்தியாவில் இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண் எந்த நேரமும் எடுக்கும், தமிழிலும் பேசலாம்.

ஒரு ஏஜென்ட் பேச வேண்டும் என்கிறார். என்ன கேட்பது?

என்ன திருத்தங்கள் எதிர்பார்க்கிறீர்கள், எந்த எடிட்டர்களை மனதில் வைத்திருக்கிறீர்கள், விற்காவிட்டால் அடுத்து என்ன, ஒப்பந்தத்திலிருந்து விலக என்ன வழி. இவை எல்லோரும் கேட்பவை. நீங்கள் இன்னும் இரண்டு கேட்க வேண்டும்.

முடிவை மாற்றச் சொல்வீர்களா என்று கேளுங்கள். ராஜம் முழுக்கக் குணமாகி எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொள்ளும் முடிவு வேண்டும் என்று ஏஜென்ட் நினைத்தால் அது இப்போதே தெரிய வேண்டும். இரண்டாவது, புத்தகம் வெளிவரும்போது என் சொந்த நோயைப் பற்றிப் பேச வேண்டியிருக்குமா? முதல் நாவல் வெளிவரும் சமயத்தில் பத்திரிகைகளுக்குத் தன் அனுபவக் கட்டுரை எழுதச் சொல்லிப் பதிப்பகங்கள் கேட்பது சகஜம். எதைப் பற்றிப் பேசுவேன், எதைப் பற்றிப் பேச மாட்டேன் என்று ஏஜென்டிடம் அன்றே சொல்லிவிடுங்கள். பிறகு உங்கள் சார்பில் பதிப்பகத்திடம் மறுப்பது அவர் வேலை. அதைக் கேட்டு முகம் சுளிக்கும் ஏஜென்ட் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் உங்களுக்கு ஏற்றவர் இல்லை.

மற்ற ஏஜென்டுகளிடம் கைப்பிரதி இருந்தால், பதில் சொல்ல ஒன்றிரண்டு வாரம் அவகாசம் கேளுங்கள். கேட்பது வழக்கம்தான், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

இந்தியாவில் ஏஜென்டுகள் உண்டா? தமிழில் எழுதியிருந்தால்?

ஆங்கில நாவலுக்கு உண்டு. டெல்லியின் ரைட்டர்ஸ் சைட், ஜெய்ப்பூரின் சியாஹி போன்ற ஏஜென்சிகள் இருக்கின்றன. ஏஜென்ட் இல்லாமல் நேராகக் கைப்பிரதி வாங்கிப் படிக்கும் இந்தியப் பதிப்பகங்களும் உண்டு, அவற்றின் தளத்தில் விவரம் இருக்கும்.

தமிழில் ஏஜென்ட் வழக்கம் வேரூன்றவில்லை. எழுத்தாளரே பதிப்பாளரிடம் பேசுகிறார். ஆனால் மேலே சொன்ன அந்த இரண்டு பத்தியைத் தமிழிலேயே எழுதி, முதல் அத்தியாயத்தோடு பதிப்பாளருக்கு அனுப்பினால் அவர் கட்டாயம் கவனிப்பார். ஒப்பந்தம் எழுதும்போது மொழிபெயர்ப்பு உரிமை யாரிடம் இருக்கிறது என்ற வரியைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். 2023 முதல் நடக்கும் சென்னை பன்னாட்டுப் புத்தகக் கண்காட்சியில் தமிழ்ப் புத்தகங்களின் மொழிபெயர்ப்பு உரிமைகள் பேசப்படுகின்றன. உங்கள் நாவலின் பேச்சு அங்கே வரும்போது அந்த வரி உங்கள் பக்கம் இருக்க வேண்டும்.